வாரிப் போட்டது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீர்நிலைக் களைகள் பற்றிய கட்டுரையில் ஆகாயத்தாமரை என்று எழுதி, வெங்காயத்தாமரையின் படத்தைப் போட்டிருக்கிறீர்கள். வழக்கில் இரண்டுக்கும் ஒரே பெயர் ஓடுவதால் குறை சொல்வதற்கில்லை. ஆகாயத்தாமரை விரிந்த முட்டைக்கோசு மாதிரி, இலையெல்லாம் பூனைமயிர். பூ கண்ணுக்கே படாது. வெங்காயத்தாமரையின் இலைக்காம்பு உப்பியிருக்கும், உடைத்தால் உள்ளே பஞ்சு. நெருக்கமாக வளர்ந்த இடத்தில் அந்தக் காம்பும் ஒல்லியாக நீண்டுவிடும். அப்போது மேலிதழில் மயிற்கண்போல் மஞ்சள் பொட்டு வைத்த ஊதாப் பூதான் அடையாளம். அந்தப் பூவுக்கு மயங்கித்தான் தென் அமெரிக்காவிலிருந்து ஊர் ஊராக அழகுச்செடியாகக் கொண்டுபோனார்கள்.

பூ வாடியதும் தண்டு வளைந்து தண்ணீருக்குள் தலை கவிழும். விதை அங்கேயே உதிர்ந்து சேற்றில் தங்கி, 15, 20 ஆண்டுகள்கூட உயிரோடு கிடக்கும். நீர் வற்றிச் சேற்றில் வெயில் பட்டால் முளைக்கும். அதனால் பூக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். பூத்து முடிந்தபின் எடுப்பது பாதி வேலை.

எடுக்கும் முறையிலும் கோளாறு நடக்கிறது. இயந்திரம் நறுக்கிய துண்டில் குருத்துள்ள அடிப்பாகம் இருந்தால் அது தனிச்செடி. ஆகவே முதலில் நீர் போகும் திசையில் மிதவைத் தடுப்பு கட்ட வேண்டும். செடியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கனம் தாங்காமல் கரையோரமே குவித்துவிடுகிறார்கள். ஒரு மழை வந்தால் குவியல் குளத்துக்கே திரும்பிவிடும். வெள்ளம் எட்டாத மேட்டில், வேர் மேலே பார்க்கப் பரப்பிக் காய விடுவதே சரி. ஆலைக்கழிவு கலந்த நீரில் எடுத்ததென்றால் உரமாக்கிக் காய்கறிக்குப் போடக் கூடாது. வேரில் உலோக நச்சு சேர்ந்திருக்கும்.

களைக்கொல்லியை மொத்தமாகத் தெளித்தால் எல்லாம் ஒரே சமயத்தில் அழுகி, நீரில் ஆக்சிஜன் தீர்ந்து மீன் மிதக்கும். பட்டை பட்டையாக, இடைவெளி விட்டுத்தான் அடிக்க வேண்டும். இந்தச் செடியைத் தின்று அடக்கும் நியோகெடினா கூன்வண்டைக் கொண்டுவந்து விட்ட இடங்களில் சில ஆண்டுகள் பொறுக்க வேண்டும். புழு காம்பைத் துளைத்துத் தின்பது மெதுவான வேலை. இடையில் மொத்தத்தையும் வழித்தெடுத்தால் வண்டும் பட்டினியில் போகும்.

சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் வெங்காயத்தாமரை 2 வாரத்தில் இரட்டிக்கும். பத்தில் ஒரு பங்கு மிஞ்சினாலும் 7 வாரத்தில் குளம் மூடிவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கோரை, நாணல் இடுக்கில்தான். 'குளம் சுத்தமானது' என்று அடுத்த முறை படம் போடும்போது, அந்த இடுக்குகளைப் பார்த்துவர 2 வாரத்துக்கு ஒருமுறை ஆள் போகிறதா என்றும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்