சாட்ஸ்வொர்த்த "குட்டி தமிழ்நாடு"ன்னு வீடியோ போடுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் தம்பிங்களா, தங்கச்சிங்களா,

தென்னாப்பிரிக்கா டிரிப் வந்து டர்பன்ல ரெண்டு நாள் தங்கி, அப்படியே டர்பனை ஒட்டி இந்திய வம்சாவளி மக்கள் அதிகமா இருக்குற சாட்ஸ்வொர்த்துக்கும் ஒரு ரவுண்டு போய் டிராவல் வீடியோ போடுற எல்லாருக்கும் சேத்துதான் எழுதுறேன். எனக்கு ராணிப்பேட்டை பக்கம், வேலைக்காக இங்க வந்தவன், சில வருஷமா சாட்ஸ்வொர்த்துல வெஸ்ட்கிளிஃப்ங்குற இடத்துல ஒரு வீட்டுக்குப் பின்னாடி கட்டின ரூம்ல வாடகைக்கு இருக்கேன். போன மாசம் ஃபிரெண்டு ஒருத்தன் ஒரு வீடியோ அனுப்பினான். எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற பங்களாதேஷ் மார்க்கெட்ல கறிவேப்பில கட்டு வாங்கிட்டு நின்ன ஒரு வயசான அம்மா முன்னாடி போனை நீட்டி "பாட்டி தமிழ்ல ஏதாவது பேசுங்க"ன்னு கேக்குறாங்க, அந்தம்மா யோசிச்சு யோசிச்சு நாலு வார்த்தை சொல்றாங்க, கேமராவுக்குப் பின்னாடி இருந்து சிரிப்பு. கமெண்ட்ல எல்லாரும் "பேரு கோவிந்தர், தமிழ் தெரியல"ன்னு கிண்டல். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

குட்டி தமிழ்நாடுன்னா ஏதோ நம்ம ஆளுங்க சேந்து இடம் பாத்து குடியேறின மாதிரி இருக்கு, அப்படி நடக்கவே இல்ல. 1950ல குரூப் ஏரியாஸ் சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, எந்த நிறத்துக்காரங்க எங்க வீடு வெச்சிருக்கலாம், எங்க கடை போடலாம்னு அரசாங்கமே மேப்ல கோடு போட்டு பிரிச்ச சட்டம். அதுக்கு முன்னாடி கேட்டோ மேனர், கிளேர்வுட், மேவில்னு டர்பனுக்குள்ளயும் டர்பனை ஒட்டியும் இருந்த இந்தியக் குடும்பங்கள, காய்கறித் தோட்டம் போட்டு பொழச்சவங்க, தகர வீடா இருந்தாலும் சொந்தமா கட்டிக்கிட்டவங்க, அவங்கள எல்லாம் கிளப்பி, டவுனுக்குத் தென்மேற்கால மேடும் பள்ளமுமா கிடந்த இந்தப் பக்கம் கொண்டு வந்து இறக்குனாங்க. 60கள்லதான் ஊரே உருவாச்சு. உம்லாஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம் உம்லாசி, கருப்பின மக்களுக்குன்னு ஒதுக்குன டவுன்ஷிப். வெள்ளக்காரங்க இருந்த பக்கத்துக்கும் உம்லாசிக்கும் நடுவுல இந்தியர்கள வெச்சா தடுப்பு மாதிரி இருக்கும்னு கணக்கு. அதாவது மனுஷங்கள வேலியா நட்டு வெச்சாங்க. உங்க வீடியோல "எவ்ளோ அழகா மலை மேல வரிசையா வீடு பாருங்க"ன்னு சொல்றீங்களே, அந்த வரிசை அங்க இருந்து வந்தது.

என் வீட்டுக்கார அம்மாவ ஆயான்னுதான் கூப்பிடுவேன். எங்க ஊர்ப்பக்கமும் பாட்டிய ஆயான்னுதான் சொல்லுவோம், இங்கயும் அதே சொல்லு, முதல் நாள் அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. அந்தக் காலத்துல வட ஆற்காடு பக்கத்துல இருந்து ஒப்பந்தக் கூலியா இங்க கப்பல் ஏறினவங்க நிறைய பேரு. 1860 நவம்பர் 16ல ட்ரூரோங்குற கப்பல் மெட்ராஸ்ல இருந்து டர்பன் வந்து சேந்துச்சு, 1911 வரைக்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல வந்தாங்க, பாதிக்கு மேல நம்ம மெட்ராஸ் பக்கத்துல இருந்துதான். ஆயா பொறந்தது மேகசின் பாரக்ஸ். டவுனுக்குள்ள, கடலுக்கு நடந்தே போற தூரம், தெரு கூட்டுறது குப்பை அள்ளுறதுன்னு முனிசிபாலிட்டி வேலை செஞ்ச தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் நெருக்கியடிச்சு வாழ்ந்த லைன் வீடுங்க. வசதின்னு ஒண்ணும் கிடையாது, ஆனா கோயிலும் கூத்தும் பந்து விளையாட்டும் பக்கத்து வீட்டுக் குழம்பும் இருந்துச்சுன்னு ஆயா சொல்லுவாங்க. அதையும் காலி பண்ணி இங்க அனுப்புனாங்க. வந்து இறங்குன அன்னைக்கு தெருவுக்குப் பேரு கூட இல்ல, வெறும் நம்பர், எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரு சுவர ரெண்டு குடும்பம் பங்கு போட்டுக்கணும். ஆயாவோட அப்பா மொதல் ராத்திரி வேலை முடிஞ்சு வந்து தன் வீடு எதுன்னு தெரியாம இருட்டுல தேடி நின்னாராம்.

இப்படி வந்தவங்கதான் இந்த ஊர ஊரா ஆக்குனாங்க. காசு சேத்து கோயில் கட்டுனாங்க, சர்ச் கட்டுனாங்க (தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இங்க ஏராளம், அதை ஒரு வீடியோலயும் காட்ட மாட்டேங்குறீங்க). 1969ல ஆர்.கே.கான் ஆஸ்பத்திரி வந்துச்சு. பொம்பளைங்க விடியக்காலைல பஸ் புடிச்சு துணி ஃபாக்டரிக்குப் போனாங்க, 1994க்கு அப்புறம் வெளிநாட்டுத் துணி மலிவா வந்து இறங்கவும் அந்த வேலையும் போச்சு, வாடகை பாக்கின்னு முனிசிபாலிட்டிக்காரங்க ஃபிளாட்ல இருந்து வெளிய தள்ள வந்தாங்க, மக்கள் சேந்து வாசல்ல நின்னு தடுத்தாங்க. 2000 மார்ச் 24ல த்ராப்ங்குற நைட்கிளப்ல ஸ்கூல் புள்ளைங்க பகல் பார்ட்டில யாரோ கண்ணீர்ப்புகை குண்டு வீச, நெரிசல்ல 13 புள்ளைங்க செத்துப்போனாங்க. இன்னைக்கும் மார்ச் மாசம் வந்தா சில வீட்டுல பேச்சு குறைஞ்சுடும். நீங்க ஹிகின்சன் ஹைவேல வந்து 1985ல திறந்த இஸ்கான் கோயில ட்ரோன்ல சுத்தி எடுத்துட்டு அதே ஹைவேல திரும்பிப் போயிடுறீங்க. கோயில் அழகுதான், நானும் போவேன். ஆனா சாட்ஸ்வொர்த் அது மட்டும் இல்லையே.

தமிழ் விஷயத்துக்கு வரேன், இதுதான் எனக்கு ரொம்ப வலிக்குது. ஸ்கூல் இங்கிலீஷ், வேலை இங்கிலீஷ், நாலஞ்சு தலைமுறை தாண்டியாச்சு, இதுல நாக்குல தமிழ் எப்படித் தங்கும் சொல்லுங்க? அப்படியும் தங்கினத பாருங்க. ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் ஊத்துறாங்க. தைப்பூசத்துக்கு காவடி எடுக்குறாங்க, அதுவும் சில குடும்பங்க கேட்டோ மேனருக்கே திரும்பிப் போய் எடுக்குறாங்க, ஏன்னா அங்க வீடுங்கள இடிச்சுட்டாங்க, சில கோயில் மட்டும் நின்னுடுச்சு. வீடு இல்லாத ஊருக்கு சாமிக்காக வருஷா வருஷம் போறவங்கள பாத்து "உங்களுக்குத் தமிழ் தெரியுமா"ன்னு டெஸ்ட் வைக்க நாம யாரு? சாயங்காலம் ஆம்பளைங்க உக்காந்து ஆடுற சீட்டாட்டத்துக்குப் பேரு தண்ணி, அவங்க வாயில அது துண்ணி. இந்த நாட்டோட 1996 அரசியல் சட்டத்துல மதிச்சுக் காப்பாத்த வேண்டிய மொழிங்கள்ல ஒண்ணா தமிழ் பேரும் எழுதியிருக்கு. அது சும்மா வந்துடல, இவங்க இங்க கிடந்து உழைச்சதால வந்தது.

அதனால வர வேணாம்னு சொல்லல, கண்டிப்பா வாங்க. ரெண்டு மணி நேரம் இல்ல, ரெண்டு நாள் ஒதுக்குங்க. வெள்ளி சனிக்கிழமைல மார்க்கெட்டுக்கு வாங்க, பக்கத்துல சில்வர்க்ளென் காட்டுல மூலிகைச் செடி வளக்குற நர்சரி இருக்கு, அதைப் பாருங்க. இப்ப இங்க ஜூலு பேசுறவங்களும் நிறைய பேரு குடியிருக்காங்க, அவங்களையும் ஃபிரேமுக்கு வெளிய தள்ளாதீங்க. பெரியவங்கள படம் எடுக்குறதுக்கு முன்னாடி கேட்டுட்டு எடுங்க, போட்ட அந்த மார்க்கெட் வீடியோவ தயவுசெஞ்சு எடுத்துடுங்க. தமிழ் பேசச் சொல்றதுக்குப் பதிலா, "இங்க வர்றதுக்கு முன்னாடி உங்க குடும்பம் எங்க இருந்துச்சு"ன்னு இங்கிலீஷ்லயே கேளுங்க. எங்க ஆயா கிட்ட கேட்டா டீ போட உக்கார வெச்சிட்டு, மேகசின் பாரக்ஸ்ல தன் வீட்டு வாசல்ல இருந்து கடலுக்குப் போற வழிய விரலால மேஜை மேல வரைஞ்சே காட்டுவாங்க.

அன்போட,
வெஸ்ட்கிளிஃப்ல வாடகைக்கு இருக்குற ஒரு ராணிப்பேட்டைக்காரன்