நம்ம பள்ளிக்கூடத்து ஏடுகள் பிழைத்தன: ஊராருக்கு நன்றி

ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

மழையில் நனைந்த நம்ம பள்ளிக்கூடத்து மாணவர் சேர்க்கைப் பதிவேடுகள் பிழைத்துவிட்டன. இதை எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது. அந்த மழை ராத்திரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதிப் பேர் என்னோடு நனைந்தவர்கள்தான்.

தார்ப்பாய் கொண்டுவந்த சைக்கிள் கடை அண்ணன், லோடு ஆட்டோவுக்கு வாடகை வாங்க மறுத்த தம்பி, காரைக்குடியிலிருந்து வந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய பழைய மாணவர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயரைப் போடக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டார். வடக்குத் தெரு ஆச்சி என்றாலே உங்களுக்குத் தெரியும்.

நனைந்த கட்டுகளை எங்கே இறக்குவது என்று தெரியாமல் தெருவில் நின்றபோது ஆச்சிதான் கூப்பிட்டார். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீட்டில், முற்றத்தைச் சுற்றிய வளவு முழுவதையும் ஒழித்துக் கொடுத்தார். விடிந்ததும் முற்றத்தில் பரப்பப் போனோம். "வெயில்ல போட்றாதிய தம்பி, அப்பளமா நொறுங்கிரும்" என்று தடுத்தவர், உள்ளே போய்த் தன் பழைய நூல் கண்டாங்கிச் சேலைகளை எடுத்து வந்து கிழிக்க ஆரம்பித்தார். இரண்டு தாளுக்கு நடுவே ஒரு துண்டு. ஈரம் ஏறியதும் மாற்ற வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில், நிழலில், மின்விசிறிக் காற்றில் நாள்கணக்கில் இது நடந்தது. நடுராத்திரியில் எழுந்து துணி மாற்றியதும் அவர்தான். சிவப்பு மை கரைந்துவிட்டது. நீலக்கருப்பு மை அப்படியே நிற்கிறது.

அந்த ஏடுகளில் என்ன இருக்கிறது தெரியுமா? தகப்பனார் இருக்கும் ஊர் என்று ரங்கூன், மாண்டலே, பினாங்கு. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்த பிறகு சேர்ந்த பிள்ளைகளுக்கு முன்பு படித்த பள்ளியும் பர்மாவில். சான்றிதழ் இல்லை என்று ஓரத்தில் குறிப்பு. காடு மலை தாண்டி வந்த குடும்பத்துப் பிள்ளைகளைக் காகிதம் கேட்காமல் சேர்த்துக்கொண்ட அந்தத் தலைமை ஆசிரியரை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அப்புறம் 1978. பதினோராம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடிந்த காலம் போய் பிளஸ் டூ வந்தது. நமக்கு மேல்நிலை கிடைக்கவில்லை, பிள்ளைகள் காரைக்குடிக்கு பஸ் ஏறினார்கள். வகுப்புகள் மெலிந்ததும் இதே ஏடுகளில் இருக்கிறது.

பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த புத்தகங்கள் இன்று சென்னையில் பெரிய ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. நம் பள்ளியின் சில ஏடுகளை நாம் ஊர் கூடிக் காப்பாற்ற முடியாதா என்ன? பெயர்களையெல்லாம் படியெடுத்து, பள்ளியின் வரலாற்றை முழுசாக எழுதி முடிக்காமல் நான் ஓயப் போவதில்லை. அதன் முதல் பிரதி ஆச்சி கையில்தான். யார் வீட்டுச் சுவரிலாவது அந்தக் காலத்து வகுப்புப் படம் மாட்டியிருந்தால் சொல்லுங்கள். நானே வந்து பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, இருந்த ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போகிறேன்.