பன்னிரண்டு தலைப்புகள் வேண்டாம், ஒரே தலைப்பில் ஆறு பிரதிகள் வாங்குங்கள்: மன்றக் கணினி அறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கும், கணினி அறைக்கு வந்துபோகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

பழைய ஆர்பிஜி (கதைப் பாத்திரமேற்று ஆடும்) கணினி விளையாட்டுகளைத் தள்ளுபடி விலையில் வாங்குவதென்று கூட்டத்தில் முடிவானதை அறிந்தேன். அதற்கான பட்டியலை அறிவிப்புப் பலகையிலும் பார்த்தேன். பந்து, வலை, கேரம் பலகை ஆகியவற்றுக்கு அப்பால் மன்றப் பணம் செலவாவதே அரிதான ஒரு பாம்பன் கரையோர ஊரில், கால் நூற்றாண்டுக்கு முந்தைய கணினிக் கதைகளுக்கென ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருப்பது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி. பட்டியலில் இருக்கும் பன்னிரண்டு தலைப்புகளில் ஒன்றைக்கூடத் தரமற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிவப்பு மையில் எழுதப்பட்டிருப்பது தள்ளுபடி விழுக்காடு மட்டுமே. யார் ஆடப்போகிறார்கள், ஒரே நேரத்தில் எத்தனை பேர், எவ்வளவு ஆங்கிலம் வாசிக்க வேண்டியிருக்கும் என்பதற்கு அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. ஏலத்தில் மலிவாகப் போகிறதே என்று ஐஸ் பெட்டி கொள்ளாத அளவுக்கு மீனை எடுத்துவிட்டு நிற்பவரை நம் கரையில் யாரும் கெட்டிக்காரர் என்று சொல்வதில்லை.

தள்ளுபடி போய்விடுமே என்ற பதற்றத்துக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். போகாது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் ஆண்டுக்கு நான்கு பருவத் தள்ளுபடிகள் நடக்கின்றன. அவற்றில் ஒன்று 2023 முதல் மார்ச் மாதத்தில் வருகிறது. ஜிஓஜி என்ற இன்னோர் இணையக் கடையிலும் இதே ஒழுங்குதான். சுமார் 20 டாலர் முழு விலை உள்ள பால்டர்ஸ் கேட் ஆட்டத்தின் முதல் பாகம் இத்தகைய நாட்களில் 5 டாலருக்கும் கீழே இறங்குவது வழக்கமாகிவிட்டது. இன்று விட்டதை அடுத்த பருவத்தில் அதே விலைக்கு எடுக்கலாம் என்பதால், இப்போது தேவையானதை மட்டும் இப்போது வாங்கினால் போதும்.

பட்டியலில் இரண்டு பெயர்களை உடனே அடித்துவிடலாம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் முதலிரண்டு ஆட்டங்களான அரீனாவும் (1994) டாகர்ஃபாலும் (1996) பல ஆண்டுகளாக இலவசம்; இரு கடைகளிலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். இவற்றுக்கு யார் விலை குறித்துக் கொடுத்தார்களோ தெரியவில்லை. பால்டர்ஸ் கேட் மூன்றாம் பாகத்தையும் (2023) எடுத்துவிடுங்கள். அது பழைய ஆட்டமும் அன்று, நமக்கு ஏற்றதும் அன்று. 150 ஜிபி வட்டு இடம் கேட்கும் ஒன்றை நம் அறையின் இணைப்பில் இறக்கி முடிப்பதற்குள் அடுத்த தள்ளுபடியே வந்துவிடும்.

இனி என் கோரிக்கை. ஒதுக்கிய தொகையின் பெரும்பகுதியைக் கொண்டு பால்டர்ஸ் கேட் முதல் பாகத்தின் மெருகேற்றிய பதிப்பை ஆறு பிரதிகள் வாங்குங்கள் என்கிறேன். 1998இல் பயோவேர் உருவாக்கி, 2012இல் பீம்டாக் நிறுவனம் புதுப்பித்து வெளியிட்ட இந்த ஆட்டத்தை ஒருவர் தனியாகவும் ஆடலாம், அறைக் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் உள்வலையில் ஆறு பேர் வரை சேர்ந்தும் ஆடலாம். நம் அறையிலிருப்பவையும் ஆறு கணினிகளே. பட்டியலில் உள்ள மற்ற பெரும்பாலான ஆட்டங்கள் தனியொருவருக்கானவை. ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நூறு மணி நேரம் ஆட, மற்றவர்கள் பின்னால் நின்று பார்க்க வேண்டியதுதான். மாரோவிண்ட் (2002) எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் என்றாலும், இந்த ஒரே காரணத்தால் பொது அறைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கூட்டாக ஆடும்போது பால்டர்ஸ் கேட் எப்படி இருக்கும் என்பதை ஓர் இடத்தைக் கொண்டு சொல்கிறேன். கேண்டில்கீப் என்னும் மதில் சூழ்ந்த நூலகக் கோட்டையில் வளர்ந்தவர், வளர்ப்புத் தந்தையை வழியில் பறிகொடுத்துவிட்டு, ஃப்ரெண்ட்லி ஆர்ம் என்ற விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும். விடுதியின் படிக்கட்டில் ஒருவன் நின்றுகொண்டு நயமாகப் பெயர் விசாரிப்பான். அவன் கூலிக்கொலைஞன், மந்திரமும் அறிந்தவன். தன்னைப் போன்ற போலி உருவங்களை முதலில் எழுப்பிக்கொண்டு, அடுத்த மந்திரத்தில் நம்மவர்களை அச்சத்தால் திசைக்கொருவராக ஓடவைப்பான். முதல் நிலையிலுள்ள மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிகள் நான்கிலிருந்து ஆறுக்குள்தான் என்பதால், ஒரு அடி சரியாக விழுந்தால் கதை முடிந்தது. தனியாக ஆடுபவர் இங்கே செத்துச் செத்துத்தான் கற்றுக்கொள்வார். ஆறு பேர் இருந்தாலோ, ஸ்பேஸ் விசையை ஒருவர் தட்டியதும் ஆறு திரைகளிலும் ஆட்டம் உறைந்து நிற்கும். வில்லை யார் எடுப்பது, படியின் எந்தப் பக்கம் நிற்பது, மந்திரம் முடிவதற்குள் யார் அடித்துக் கலைப்பது என்று வாதாடி முடித்த பிறகே மீண்டும் ஓடும். பந்தாட்டத்திலும் கபடியிலும் நம் பிள்ளைகளுக்கு இல்லாத வசதி இந்த இடைநிறுத்தம்.

தொடக்கத்தில் ஒரு முள் இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. இந்த ஆட்டம் பின்பற்றும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதிகளின்படி கவச எண் குறையக் குறையத்தான் பாதுகாப்பு கூடும். பத்தை விட இரண்டு மேல், இரண்டை விடக் கழித்தல் மூன்று மேல். புதிய ஆட்டங்களில் பழகியவர்கள் இதைத் தலைகீழாக எண்ணிக்கொண்டு நல்ல கவசத்தை விற்றுவிடுவார்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எதற்கு ஆறு பிரதி, ஒன்றை வாங்கி எல்லாக் கணினியிலும் ஏற்றிவிடலாமே என்று கூட்டத்தில் ஒரு குரல் நிச்சயம் எழும். ஜிஓஜியில் வாங்கும் ஆட்டத்துக்குப் பூட்டு கிடையாது. நிறுவல் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து எங்கும் ஏற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் அங்கே நாம் வாங்குவது தனி நபர் பயன்பாட்டுக்கான உரிமம். பூட்டு இல்லை என்பதற்காக உரிமை பெருகிவிடாது. ஸ்டீமின் குடும்பப் பகிர்வில் ஆறு பேர் சேரலாமே என்பார்கள். அது ஒரே வீட்டாருக்கானது. போதாததற்கு, ஒரே பிரதியை ஒரே நேரத்தில் இருவர் ஆட அது விடாது. ஆக, ஆறு பேர் சேர்ந்து ஆட ஆறு பிரதிகளே நேர்வழி.

அந்தப் பிரதிகள் யார் பெயரில் இருக்கும் என்பதுதான் உண்மையான சிக்கல். இந்தக் கணக்குகள் தனி நபருக்குரியவை, கைமாற்ற முடியாதவை. வாங்குவது ஆட்டத்தை அன்று, அதை ஆடும் உரிமத்தைத்தான் என்று ஸ்டீமே 2024 முதல் பணம் செலுத்தும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. மன்றத்தின் பெயரில் பொதுக் கணக்கு ஒன்றைத் தொடங்கி எல்லாரிடமும் கடவுச்சொல்லைக் கொடுத்தால் அது எத்தனை நாளுக்கு நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும். எனவே முதல் அணியில் சேரும் ஆறு பேரும், எல்லாரும் வயது வந்த உறுப்பினர்களாக, தத்தம் பெயரில் கணக்குத் தொடங்கட்டும். மன்றம் பாதி விலையைக் கொடுக்கட்டும், மீதிப் பாதியை அவரவர் போடட்டும். பிரதி அவரோடு இருக்கும், மன்றப் பணத்தைத் தனி நபர் தின்றதாகப் பேச்சும் வராது. இவ்வாறு மிச்சமாகும் தொகையில் அடுத்த பருவத்தில் இரண்டாம் அணிக்கும் கைகொடுக்கலாம்.

எந்தக் கடை என்று கேட்டால் நான் ஜிஓஜி என்பேன். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் நம் பக்கத்தில் இணைப்பு எத்தனை நாள் இருக்காது என்று சொல்ல வேண்டியதில்லை. வன்வட்டில் நிறுவல் கோப்பு இருந்தால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே டாலர் கணக்கு என்பதால் வங்கி மாற்றுக் கட்டணம் சேரும். மேலும் 2020 முதல் நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே திறந்துவிட்டால்தான் பணம் போகும். ஸ்டீமில் ரூபாயிலும் யூபிஐயிலும் செலுத்தலாம் என்ற வசதி பெரிதுதான், மறுக்கவில்லை. ஆயினும் திருப்பித் தரும் விதியைப் பாருங்கள்: ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும், ஜிஓஜியில் 30 நாட்கள். பால்டர்ஸ் கேட்டில் இரண்டு மணி நேரம் என்பது பாத்திரத்தை உருவாக்கி, பெயர் வைத்து, கேண்டில்கீப்பில் எலி அடித்து முடிக்கவே சரியாக இருக்கும்.

ஆறு பிரதிகளுக்கு அப்பால் பணம் இருந்தால் இன்னும் இரண்டு ஆட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே பிரதி. முதலாவது 1999இல் பிளாக் ஐல் நிறுவனம் உருவாக்கிய பிளேன்ஸ்கேப்: டார்மென்ட். சாகாவரம் பெற்ற ஒருவன் பிணவறை மேசையில் நினைவிழந்து விழித்தெழுந்து, தான் யார் என்று தேடிப் போகும் கதை. இதில் சண்டை குறைவு, பேச்சே பெரும்பகுதி. ஏறத்தாழ 8 லட்சம் சொற்கள் என்று கணக்கிடப்படுகிறது, அத்தனையும் ஆங்கிலத்தில். இதைத் தனியாக உட்கார்ந்து வாசிக்கச் சொன்னால் பிள்ளைகள் மூன்றாம் நாள் எழுந்து போய்விடுவார்கள். ஆங்கிலம் நன்கு படிக்கும் ஒருவர் தன் பிரதியை இயக்கி, வாய்விட்டு வாசித்து, அப்போதைக்கப்போது தமிழில் சொல்ல, சுற்றியிருப்பவர்கள் எந்தப் பதிலைத் தேர்வது என்று முடிவு செய்தால் இதைவிடச் சிறந்த மாலைப்பொழுது வேறு எதுவும் இல்லை. இவ்வகையில் இது அறிவைச் செலவழித்து ஆட வேண்டிய ஆட்டம். வாள் வலிமையை விட அறிவுக்கும் ஞானத்துக்கும் புள்ளிகளை ஏற்றிக்கொண்டவருக்கே கதவுகள் திறக்கும்.

இரண்டாவது 1997இல் வந்த ஃபால்அவுட். அணுப்போருக்குப் பின் நிலத்தடிக் காப்பகம் ஒன்றில் வாழும் மக்களுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் சில்லு பழுதாகிவிட, மாற்றுச் சில்லைத் தேடி ஒருவரை வெளியே அனுப்புகிறார்கள். அதற்கு 150 நாள் கெடு. இடையில் ஹப் என்ற சந்தை ஊரில் தண்ணீர் வியாபாரிகளைப் பிடித்துப் பணம் கொடுத்தால், அவர்கள் காப்பகத்துக்குத் தண்ணீர் கொண்டுசேர்ப்பார்கள், கெடு 100 நாள் நீளும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துப் பழகிய இராமநாதபுரம் மாவட்டத்தாருக்கு இந்தக் கதையில் விளங்காத இடம் எதுவும் இருக்காது. ஆனால் இது 17 வயதுக்கு மேற்பட்டோருக்கென வகைப்படுத்தப்பட்ட ஆட்டம், வன்முறை வெளிப்படையானது. பள்ளிப் பிள்ளைகள் அறையில் இருக்கும் நேரத்தில் இது திரையில் இருக்கக் கூடாது என்று விதியே போட்டுவிடுங்கள்.

மிஞ்சியவற்றைப் பற்றி நீட்டவில்லை. ட்ரோய்கா நிறுவனத்தின் ஆர்க்கேனமும் (2001) வாம்பயர் ப்ளட்லைன்ஸும் (2004) ரசிகர்கள் ஒட்டுப்போட்ட திருத்தங்களோடு ஆட வேண்டியவை; பொறுமையுள்ள ஒருவர் தன் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளட்டும். நெவர்விண்டர் நைட்ஸ் (2002) மட்டும் அடுத்த ஆண்டுப் பட்டியலின் தலையில் இருக்க வேண்டும். புதிய ஊர்களையும் கதைகளையும் நாமே கட்டிக்கொள்ளும் கருவி அதோடு வருகிறது. கற்றுக்கொள்ள ஆள் தயாரான பிறகு வாங்கினால்தான் அதற்குப் பயன்.

மார்ச் தள்ளுபடியிலேயே வாங்கிவிடுவது நல்லது. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கி விசைப்படகுகள் கரையேறிவிட்டால், ஜூன் 14 வரை 61 நாட்கள் கடலுக்குப் போகாத இளைஞர்கள் பலர் ஊரில்தான் இருப்பார்கள்; பகலில் வலை பொத்துதல், மாலையில் கணினி அறை என்று முதல் அணியை அந்த நாட்களில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

இறுதியாக ஒன்று. கூட்டு ஆட்டத்தில் சேமிப்புக் கோப்பு ஆட்டத்தைத் தொடங்கி நடத்துபவரின் கணினியில்தான் இருக்கும். சண்டை நடுவே சேமிக்கவும் முடியாது. சன்னலோரக் கணினியின் யூஎஸ்பி துளைகளில் உப்புக் காற்று ஏறித் துருப்பிடித்திருப்பதையும், மூலைக் கணினியின் யூபிஎஸ் மின்சாரம் போன மறுநொடியே அணைந்துவிடுவதையும் நேற்றும் பார்த்தேன். பட்டியலில் நீக்கச் சொன்ன தலைப்புகளால் மிச்சமாகும் பணத்தில் அந்த யூபிஎஸ்ஸுக்கு முதலில் புது பேட்டரி போடுங்கள். அணியின் தலைவர் அந்தக் கணினியில் உட்காரட்டும்.

அன்புடன்,
மன்றத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர்