கொசுப்புழு தேடி வந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி மடல்

கொசு ஒழிப்புப் பணியாளர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், மருந்துக்கடைக்காரர்கள், ஆய்வகத்தார் அனைவருக்கும் வணக்கம்.

சிக்குன்குனியா ஆளை முடக்கிப்போடுமே தவிர உயிரை எடுக்காது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 2005-06இல் இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது ஏறக்குறைய 2,66,000 பேருக்கு, இந்தக் காய்ச்சல் வந்தது. 250க்கும் மேற்பட்ட இறப்புச் சான்றுகளில் இதன் பெயர் இருந்தது. ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்குதான். ஆனால் ஊரே படுத்துவிட்டால் அந்த ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பார்.

முதல் நன்றி வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு. "தண்ணியைத்தான் கொட்டிட்டோமே" என்ற வீடுகளிலும் நின்று, தொட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்க்க வைத்தீர்கள். இந்தக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச்சுவரில். காய்ந்த முட்டை மாதக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும், மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் தவறாமல் வந்தீர்களே, காரணம் அதுதான். ஃபிரிட்ஜின் பின்தட்டு, ஆட்டுக்கல் குழி, பழைய டயர், கொட்டாங்குச்சி எதையும் விடவில்லை. கொசுப்புழுவைக் கொல்லும் ஒரு சதவீத அபேட் குருணையை 100 லிட்டருக்கு 10 கிராம், 200 லிட்டர் டிரம்முக்கு 20 கிராம் என்று அளந்தே போட்டீர்கள். நீங்கள் தெரு தாண்டியதும் டிரம்மைக் காலி செய்து புதுத் தண்ணீர் பிடித்த வீடுகளும் உண்டு. மருந்தும் சாக்கடையோடு போயிற்று. கைதட்டெல்லாம் புகை மருந்து அடிக்கும் வண்டிக்குத்தான். அந்தப் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், தொட்டியில் நெளியும் புழுவைத் தொடாது.

செவிலியர்களே, 65 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, இதய, சிறுநீரக நோயாளிகள் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காய்ச்சல் வீடுகளுக்குப் போனீர்கள். குழப்பமான பேச்சு, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைதல் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள். பிரசவ வேளையில் தாயின் ரத்தத்தில் கிருமி இருந்தால் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றிவிடும். சிசேரியன் செய்தாலும் தப்பாது. பிறந்தபோது நன்றாயிருக்கும் பிள்ளை மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் பால் குடிக்க மறுக்கும், கைகால் வீங்கும், தொட்டால் வீறிடும், பிறகு வலிப்பு வரும். காய்ச்சலோடு பிரசவித்த தாய்மாரை மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பாமல் ஒரு வாரம் வைத்துப் பார்த்தது வெறும் சம்பிரதாயம் அல்ல.

மருந்துக்கடைக்காரர்களுக்கு ஒரு தனி வணக்கம். மூட்டுவலி தாங்காமல் டைக்ளோஃபினாக் வலி மாத்திரை கேட்டவர்களிடம், டெங்கு இல்லையென்று தெரியும்வரை தர முடியாதென்று சொன்னீர்கள். டெங்குவும் இதே கொசுவால்தான் வருகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணு குறைந்தவருக்கு அந்த மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டும், நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் கொடுத்தபோதும் நாளுக்கு 4 கிராம் தாண்டக்கூடாது, கல்லீரல் பழுதானவருக்கு அதைவிடக் குறைவு என்று எச்சரித்தீர்கள். வியாபாரம் கெட்டது உண்மை.

ஆய்வகத்தார், காய்ச்சல் எத்தனையாவது நாள் என்று எழுதாத படிவத்தைத் திருப்பி அனுப்பினீர்கள். முதல் ஐந்து நாளில் கிருமியையே தேடும் பி.சி.ஆர்., அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். எலிசா. இரண்டாம் நாள் எலிசாவில் 'நெகட்டிவ்' வந்தால் அதை நம்பி வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து.

யாரும் நினைக்காத ஓர் இடம் பாக்கி, பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதும் மேசை. அகமதாபாத்தில் சிக்குன்குனியா பரவிய 2006 ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை, முந்தைய நான்கு ஆண்டுகளின் அதே மாதச் சராசரியைவிட 2,944 பேர் கூடுதலாக இறந்தது மாநகராட்சிப் பதிவேட்டைப் புரட்டியதால்தான் தெரியவந்தது. அத்தனையும் சிக்குன்குனியாவால் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பதிவேடு இல்லாவிட்டால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

எங்கள் மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாரடைப்பு, நிமோனியா என்று எழுதி நிறுத்தாதீர்கள். இறந்தவருக்கு அண்மையில் சிக்குன்குனியா உறுதியாகி, அதனால் உடல்நிலை மோசமாகியிருந்தால், இறப்புக்குத் துணைபோன நோய்களைக் குறிக்கும் இடமான இறப்புக் காரணச் சான்றின் இரண்டாம் பகுதியில் அதையும் எழுதுங்கள்.

நன்றியுடன்,
காய்ச்சல் வார்டு மருத்துவர்கள், செவிலியர்கள்