ஊசிக்கு முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் 'அந்தரா' கருத்தடை ஊசியைப் பற்றி, அதைப் போட்டுக்கொண்டவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இரண்டாவது குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்தில், எங்கள் வட்டாரத்து அரசு மருத்துவமனை ஒன்றில் எனக்கு இந்த ஊசி போடப்பட்டது. காப்பர்-டி வேண்டாம் என்று நான் சொன்னதும், "அப்படியென்றால் ஊசி போட்டுக்கொள்ளம்மா, மூன்று மாதத்துக்குக் கவலையில்லை" என்றார்கள். அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். பேச்சு அத்துடன் முடிந்தது. பத்து நாள் கழித்துத் தொடங்கிய உதிரப்போக்கு, விட்டுவிட்டு ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. ஒருநாள் திட்டுத்திட்டாகப் படும், மறுநாள் துணி நனையும். கர்ப்பப்பையில் கட்டி வந்துவிட்டது என்றே நம்பி, கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுத இரவுகள் உண்டு. கடன் வாங்கி ஸ்கேன் எடுத்த இடத்தில்தான் ஒரு மருத்துவர், இந்த ஊசி போட்டவர்களுக்கு முதல் சில மாதங்களில் இப்படி ஒழுங்கில்லாமல் உதிரம் படுவது மிகச் சாதாரணம் என்று பொறுமையாக விளக்கினார். அந்தச் சில நிமிட விளக்கம் ஊசிக்கு முன்பே கிடைத்திருந்தால் கடனும் இல்லை, அழுகையும் இல்லை.

அதன்பின் எங்கள் மகளிர் குழுவில் விசாரித்தபோது, ஆளுக்கொரு அனுபவம் இருந்தது. ஒருவருக்கு மாதவிலக்கு அடியோடு நின்றுவிட, கெட்ட ரத்தம் உள்ளேயே தேங்குகிறது என்று வீட்டில் பயமுறுத்தியிருக்கிறார்கள். உண்மையில், ஊசியிலுள்ள ஹார்மோன் கர்ப்பப்பையின் உட்சவ்வை வளரவிடாமல் மெலிதாக வைத்திருப்பதால் வெளியேற எதுவும் இருப்பதில்லை. ஓராண்டு தொடர்ந்து போட்டுக்கொள்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இப்படி நிற்கும். இன்னொருவர், அடுத்த குழந்தைக்காக ஊசியை நிறுத்தி ஆறு மாதமாகியும் கருத்தரிக்காததால் 'மலடாகிவிட்டாள்' என்ற பேச்சைக் கேட்டவர். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாகப் பத்து மாதம்வரை ஆகும் என்பதை அவருக்கோ அவர் மாமியாருக்கோ யாரும் சொல்லவில்லை. உடல் எடை கூடியது, தலைவலி, காரணமில்லாத எரிச்சல் என்று சொன்னவர்களும் உண்டு. ஊசி தனக்கு நன்றாக ஒத்துப்போனதாகவும், உதிரப்போக்கு நின்றபின் ரத்தசோகை குறைந்ததாகவும் ஒரு சகோதரி நிறைவோடு சொன்னதையும் இங்கே பதிவு செய்வதுதான் நியாயம். ஆகவே ஊசியைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை.

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் நாளையே நிறுத்தலாம், காப்பர்-டியை எடுத்துவிடலாம். உடம்புக்குள் போன ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க வழியில்லை, அதன் வேகம் அடங்கும்வரை மூன்று மாதமும் பொறுத்தே ஆகவேண்டும். மற்ற முறைகளில் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விடக்கூடியதைக்கூட, இதில் முன்பே சொல்லவேண்டியிருக்கிறது. 1993-இல் தனியார் விற்பனைக்கு அனுமதி பெற்ற இந்த மருந்து, 2017-இல்தான் அரசின் குடும்பநலத் திட்டத்துக்குள் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இதை எதிர்த்த பெண்கள் அமைப்புகளின் கவலைகளுள் ஒன்று, கூட்டம் நிறைந்த அரசு மருத்துவமனைகளில் பெண்களுக்குப் போதிய விளக்கம் தரப்படாது என்பதே. என் விஷயத்தில் அது அப்படியே நடந்தது. நீண்டநாள் போட்டுக்கொண்டால் எலும்பின் அடர்த்தி குறையக்கூடும், நிறுத்தியபின் பெரும்பாலும் மீளும் என்பதையும் நான் பிறகே அறிந்தேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த எச்சரிக்கையை மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடவைத்தது 2004-இல்.

கிராம சுகாதார செவிலியர்களின் பணிச்சுமையை நான் அறியாதவள் அல்ல. ஆனாலும் ஊசிக்கு முன் எளிய தமிழில் ஒரு பக்கத் தாளைக் கொடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அதை வாசித்துக் காட்டி, வீட்டாரிடம் கலந்து பேச ஒருநாள் அவகாசம் தருவது இயலாத காரியமன்று. ஒரு மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பும் வேண்டும். எனக்கு எழுதிக் கொடுத்த அடுத்த தேதி கடந்து எட்டு மாதமாகிறது. ஏன் வரவில்லை என்று இன்றுவரை எவரும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
விழுப்புரம் மாவட்டம்.