ஊருணியையும் அதற்கு மழைநீர் கொண்டுவரும் வரத்துக்காலையும் ஒரே மதிப்பீட்டில் எடுத்து, தை மாதத்துக்குள் நிர்வாக அனுமதி வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊருணிச் சீரமைப்புக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்,
முதுகுளத்தூர் வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், இராமநாதபுரம்.

பொருள்: 'நமக்கு நாமே' திட்டத்தில் குடிநீர் ஊருணி சீரமைப்பு – பொதுமக்கள் பங்குத்தொகை தயார் நிலை – வரத்துக்காலையும் சேர்த்து நிதி ஒதுக்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரில் 210 தலைக்கட்டுகள் (குடும்பங்கள்) உள்ளன. நிலத்தடி நீர் உப்பு. காவிரிக் கூட்டுக் குடிநீர் கடைமடையான எங்கள் ஊருக்கு எல்லா நாளும் எட்டுவதில்லை. குடிக்கவும் சமைக்கவும் ஊருணியைத்தான் நம்பியிருக்கிறோம். அதைச் சீரமைக்க ஒன்றியப் பொறியாளர் பிரிவில் தயாரித்த தோராய மதிப்பீடு ரூ.12 லட்சம். திட்ட விதிப்படி அதில் மூன்றில் ஒரு பங்கான ரூ.4 லட்சத்தை ஊரே செலுத்த வேண்டும். தலைக்கட்டுக்கு ரூ.1,500 வீதம் ரூ.3,15,000 வசூலாகிவிட்டது, மீதி ரூ.85,000 வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் கொடுத்தது. பணம் வங்கியில் கூட்டுக் கணக்கில் இருக்கிறது. தாங்கள் கேட்கும் நாளில் வரைவோலையாகச் செலுத்துகிறோம். அக்டோபர் 2 கிராம சபையில் இதற்கான தீர்மானமும் நிறைவேறியுள்ளது.

எங்கள் முதன்மையான கோரிக்கை, மதிப்பீட்டிலிருந்து வரத்துக்காலை நீக்கிவிடக் கூடாது என்பதே. செலவைக் குறைக்க வேண்டி வரும்போது, 'குளத்தை இப்போது வெட்டுவோம், கால்வாயை 100 நாள் வேலையில் பிறகு பார்த்துக்கொள்வோம்' என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாக இருக்கிறது. அப்படிச் செய்தால் ஆழமான பள்ளம் கிடைக்கும், தண்ணீர் கிடைக்காது. எங்கள் வரத்துக்கால் 1,400 மீட்டர் நீளம். அதில் மூன்று வகைத் தடை இருக்கிறது. ஓரிடத்தில் சாலையை உயர்த்தியபோது போட்ட குழாய்ப் பாலத்தின் அடிமட்டம் கால்வாய்த் தரையைவிட மேலே நிற்கிறது; பெரிய மழை பெய்தால் மட்டுமே அதைத் தாண்டி நீர் வரும். இன்னோர் இடத்தில் கால்வாய் வயலோடு சேர்ந்துவிட்டது. மற்ற நீளம் முழுவதும் சீமைக் கருவேலம். இதை மேலோடு வெட்டினால் ஒரே மழையில் துளிர்த்துவிடும், வேரோடு பிடுங்க வேண்டும். ஆகவே தாங்கள் வட்டாட்சியர் வழியாக நில அளவையரை அனுப்பி, நில அளவைத் துறையின் புலப்பட வரைபடத்தின்படி கால்வாயின் இரு கரைகளையும் அளந்து கல் நடச் செய்ய வேண்டும். அளந்த பிறகே மட்டம் பார்த்து வெட்ட முடியும்.

ஊருணியின் கணக்கைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம். நீர்ப்பரப்பு 60 மீட்டருக்கு 50 மீட்டர், அதாவது 3,000 சதுர மீட்டர். வண்டல் படிந்து சராசரி ஆழம் 1.4 மீட்டராகிவிட்டதால் நிறைந்தால் 4,200 கன மீட்டர்தான் பிடிக்கும். வீட்டுக்கு நாளொன்றுக்கு 4 குடம் (60 லிட்டர்) என்றால் ஊருக்கு 12.6 கன மீட்டர். வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் ஆவியானால் போவது 15 கன மீட்டர். ஊர் குடிப்பதைவிட வெயில் குடிப்பது அதிகம். மார்கழிக் கடைசியில் நிறைந்த ஊருணி இந்தக் கணக்கில் 150 நாளில், வைகாசியிலேயே வற்றிவிடும். பரப்பை அகலப்படுத்தினால் ஆவியாவதும் கூடும்; ஆழப்படுத்துவதே பயன். வண்டல் 0.6 மீட்டரும் அதற்குக் கீழே இன்னொரு 0.6 மீட்டரும் எடுத்தால், சரிவுக்கு விட்டது போக 3,000 கன மீட்டர் கூடுதலாகப் பிடிக்கும். தண்ணீர் புரட்டாசி வரை நிற்கும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

அந்தக் கீழ் 0.6 மீட்டரில் அவசரம் கூடாது. எங்கள் பகுதியில் களிமண் படுகைதான் ஊருணிக்குப் பாத்திரம். அதைத் துளைத்து மணலைத் தொட்டுவிட்டால் நல்ல நீர் கீழே இறங்கிவிடும், கோடையில் உப்பு நீர் ஊறும். இயந்திரம் இறங்கும் முன்பு நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஐந்து சோதனைக் குழிகள் தோண்டி, களிமண்ணின் கனம் பார்த்து, அடியில் குறைந்தது அரை மீட்டர் களிமண் மிஞ்சும்படி ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். களிமண் மெலிந்த இடத்தில் ஆழம் குறைந்தாலும் பரவாயில்லை. 1.2 மீட்டர் என்று மதிப்பீட்டில் எழுதியாயிற்று என்பதற்காக அங்கும் தோண்டிவிடக் கூடாது.

கரையின் உள் அடியிலிருந்து 1.5 மீட்டர் திட்டு விட்டே வெட்டுப்பள்ளம் தொடங்க வேண்டும். கரையை ஒட்டித் தோண்டினால் முதல் நிறைவிலேயே கரை சரியும். எடுத்த வண்டலைக் கரைமேல் கொட்டுவதும் கூடாது, அடுத்த மழையில் அது திரும்ப உள்ளேயே இறங்கும். உரிய அனுமதி கிடைத்தால் எங்கள் விவசாயிகள் அதைத் தங்கள் வண்டிகளில் வயலுக்கு எடுத்துச் செல்வார்கள். மண் அகற்றும் செலவு மிச்சமாகும்.

நீர் உள்ளே நுழையும் இடத்தில் 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழத்தில் வண்டல் தொட்டி ஒன்று வேண்டும். தொட்டியின் தரையைவிடக் குறைந்தது 60 செ.மீ. உயரத்தில், தொட்டியிலிருந்து ஊருணிக்குள் நீர் விழும் உள்வாய் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் தொட்டி கட்டியும் மண் ஊருணிக்குள்தான் போகும். மண்வெட்டியோடு ஆள் இறங்க ஒரு பக்கம் படியும் தேவை. இறங்க வழியில்லாத தொட்டியை ஒருவரும் தூர்வாருவதில்லை.

குடத்தோடு ஊருணிக்குள் இறங்குவதைத் தவிர்க்க, கரையோரம் கிணறும் அதற்கு நீர் தரும் வடிகட்டிக் குழியும் கேட்கிறோம். குழியில் அடியில் 30 செ.மீ. 40 மி.மீ. ஜல்லி, அதன்மேல் 30 செ.மீ. 20 மி.மீ. ஜல்லி, எல்லாவற்றுக்கும் மேலே 60 செ.மீ. கழுவிய ஆற்று மணல். கழுவாத மணலைப் போட்டால் முதல் ஆண்டே அடைத்துக்கொள்ளும். கோடையில் மேல் மணலில் 5 செ.மீ. சுரண்டிப் புது மணல் போடும் வேலையை ஊர் ஏற்கிறது. இதற்கும் காவலுக்குமாக வீட்டுக்கு மாதம் ரூ.20 தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம், மாதம் ரூ.4,200 சேரும். ஆடு மாடு இறங்காமல் கல்தூண் முள்வேலியும், அவற்றுக்கு வேலிக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியும் மதிப்பீட்டில் இருக்கின்றன. இவற்றைக் குறைக்க வேண்டாம்.

அடுத்தது காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேலை முடிய வேண்டும். அடிமண் காய்ந்து இயந்திரம் இறங்குவது வைகாசி முதல் ஆடி வரைதான். ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு ஆகியவற்றுக்கான நாள்களைக் கழித்தால் தை மாதத்துக்குள் நிர்வாக அனுமதி கிடைத்தாக வேண்டும். ஆவணியில் அனுமதி வந்தால் அரைகுறையாகத் தோண்டிய பள்ளத்தில் மழை விழும். கட்டாத கரை கரையும். நிதியாண்டு முடிவில் வேலைக்கான செலவுப் பட்டியல் மட்டும் தயாராகும். அரசின் விலை விகிதப் பட்டியல் மாறினால் மதிப்பீடு உயரும், எங்கள் பங்கும் உயரும். கூலி வேலை பார்க்கும் குடும்பங்களிடம் இரண்டாம் முறை வசூலிக்க எங்களால் முடியாது.

தோண்டும் முன் மட்டமும் தோண்டிய பின் மட்டமும் ஊர்க்குழுவினர் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும். இடையிடையே தோண்டாத அடையாள மண்திட்டுகளை விட்டு, அளந்து, அளவுப் புத்தகத்தில் பதிந்த பிறகே அவற்றை அகற்ற வேண்டும். அந்த அளவுகளின் நகலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட உத்தரவிட வேண்டுகிறோம். மூன்றில் ஒரு பங்கு ஊர்ப் பணம் என்பதால் எத்தனை கன மீட்டர் மண் எடுக்கப்பட்டது என்பதை ஒவ்வொரு வீடும் அறிய வேண்டும்.

கிராம சபைத் தீர்மான நகல், தோராய மதிப்பீடு, வங்கிக் கணக்குப் புத்தக நகல், தலைக்கட்டு வசூல் பட்டியல், அ-பதிவேட்டு (கிராம நில விவரப் பதிவேடு) நகல், குழாய்ப் பாலத்தின் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம். தாங்கள் பொறியாளரையும் நில அளவையரையும் ஒரே நாளில் கூட்டாகத் தலத்தாய்வுக்கு அனுப்பி, வரத்துக்கால் உட்பட முழு மதிப்பீட்டுக்கும் அனுமதி வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊருணிச் சீரமைப்புக் குழுவினர் மற்றும் ஊர்ப் பொதுமக்கள்