ரை விஸ்கி ருசி பார்ப்பு: வருபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, சனிக்கிழமை மாலை மூன்று பாட்டில் திறக்கிறோம்: ரிட்டன்ஹவுஸ், புல்லெட் ரை, ஆல்பர்ட்டா பிரீமியம். எந்த கிளாஸில் எது என்பதைக் கடைசியில்தான் சொல்வோம்.

ரை என்பது கோதுமை மாதிரி ஒரு தானியம், விஸ்கிக்குக் காரம் தரும். அமெரிக்காவில் ரை என்று லேபிள் ஒட்ட, தானியத்தில் குறைந்தது 51% ரை இருக்கணும். உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறணும். புல்லெட்டில் ரை 95%. மூக்கருகே கொண்டுபோனாலே புதினா, சோம்பு வாசம் ஏறும். ரிட்டன்ஹவுஸில் மக்காச்சோளமும் கணிசமாக உண்டு. கேரமல் இனிப்பு முதலில் வரும், காரம் பின்னால் வந்து தொண்டையில் நிற்கும். அந்தக் காரத்தை வைத்து ரை அதிகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அதில் ஆல்கஹால் 50%. புல்லெட்டில் 45%தான். கனடாவில் ரை துளியும் சேர்க்காமலே லேபிளில் ரை என்று போடலாம். ஆனால் அங்கிருந்து வரும் ஆல்பர்ட்டா பிரீமியமோ முழுக்க ரை! (என் ஓட்டு ரிட்டன்ஹவுஸுக்கு. சண்டைக்கு வரலாம்.)

முதல் வாய் அப்படியே, அடுத்தது சில சொட்டுத் தண்ணீர் விட்டு. ஐஸ் வேண்டாம், வாசம் அடங்கிவிடும். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், ப்ளீஸ். வண்டி ஓட்டுபவர்கள் முகர்ந்து பார்ப்பதோடு சரி.

வருபவர்கள் வியாழனுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள்.